சபையில் பாடுகிறவர்களுக்கும் வாசிக்கிறவர்களுக்கும் இன்-இயர்: வாங்குவதற்கு முன்பும் மாட்டிய பிறகும்

எங்கள் கோயில் நூறடி நீளம். கல் சுவர், உயரமான கூரை. திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) கோயில்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கீபோர்டில் ஒரு நோட்டைத் தொட்டால் அது சுவரெல்லாம் சுற்றித் திரும்பி வரும். பாடகர் குழுவுக்குத் தங்கள் குரல் கேட்காது. மானிட்டர் பெட்டியை (பாடுகிறவர்களைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கரை)க் கூட்டச் சொல்வார்கள், கூட்டினால் ஊளையிடும். இதற்குத் தீர்வு இன்-இயர் (மானிட்டர் பெட்டிக்குப் பதில் காதுக்குள் மாட்டும் இயர்போனில் கேட்கும் முறை) என்று கேள்விப்பட்டு நாங்கள் நேராகப் போய் வாங்கியது ஒரு வயர்லெஸ் செட். செவ்வாய்க்கிழமை காலிக் கோயிலில் வைத்துப் பார்த்தோம், அருமையாக இருந்தது. கிறிஸ்துமஸ் விடியற்கால ஆராதனையில் கோயில் நிறைந்து, ஒவ்வொருவர் பையிலும் ஒரு போன் இருந்தபோது, முதல் கீர்த்தனையிலேயே சத்தம் விட்டு விட்டு வந்தது. அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுச் சரிசெய்ய எங்களுக்கு ஒரு வருடம் ஆனது. உங்களுக்கு அது நான்கு மாதத்தில் முடிய வேண்டும் என்பதற்காக, நாங்கள் செய்த வரிசையில் இல்லாமல், செய்திருக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

1. முதலில் காது அடைபடுகிறதா என்று பாருங்கள்

"பேஸ் வரவில்லை", "சத்தம் போதவில்லை" என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் மிக்ஸரில் தீராது. காதுக்குள் போகும் ரப்பர் முனை சரியாகப் பொருந்தாததுதான் காரணம். பெட்டியோடு சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவுகள் தருவார்கள். எல்லோரும் ஏற்கெனவே மாட்டியிருக்கும் நடு அளவோடே இருந்துவிடுவார்கள். பலருக்கு வலது காதுக்கு ஒரு அளவும் இடது காதுக்கு வேறு அளவும் தேவைப்படும். அதில் தவறில்லை.

மாட்டும் முறை: கம்பியைக் காதுக்கு மேலாகச் சுற்றி விடுங்கள். எதிர்க் கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்துக்கொண்டு, முனையை மெல்லத் திருகி உள்ளே விடுங்கள். பிறகு கீபோர்டில் கீழ் ஸ்தாயியில் ஒரு சுரத்தை யாராவது பிடித்துக்கொண்டே இருக்கட்டும். அது முழுசாகக் கேட்டால் காது அடைபட்டிருக்கிறது. மெலிந்து தகரம் மாதிரிக் கேட்டால் அளவை மாற்றுங்கள். வாயைத் திறந்து பாடிப் பார்க்கவும் மறக்காதீர்கள்; தாடை அசையும்போது காதுத் துளையின் வடிவமே மாறும். பேசாமல் உட்கார்ந்திருந்தபோது பொருந்திய முனை "அல்லேலூயா" என்று நீட்டும்போது கழன்று வரலாம். ரப்பர் நிற்காதவர்களுக்கு ஃபோம் முனை வாங்கிக் கொடுங்கள். விரலால் உருட்டிச் சுருக்கி உள்ளே விட்டால் அரை நிமிடத்தில் விரிந்து அடைத்துக்கொள்ளும். ஆனால் வியர்வையில் சீக்கிரம் கெட்டுப்போகும், சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

தொடங்குகிறவர்களுக்கு கேஇசட் போன்ற விலை குறைந்த மாடல்களே போதும். வசதி இருந்தால் ஷூர் எஸ்இ215. வெளிச்சத்தத்தை அது நன்றாகத் தடுக்கும். காதுக்கு அச்செடுத்துச் செய்யும் ரகத்தை இப்போதே யோசிக்க வேண்டாம். ஒரு வருடம் பாடிப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றால் செய்யுங்கள். அப்போதும் அச்செடுக்கிறவரிடம் "நான் பாடுகிறவன், வாயைத் திறந்து வைத்து எடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

போனுக்கு வைத்திருக்கும் ப்ளூடூத் இயர்பட் ஆகாது. சாதாரணமாக அதில் சத்தம் 150 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதமாக வரும். பாட்டுக் கேட்க அது போதும், வாசிக்க முடியாது.

2. உங்கள் மிக்ஸரில் பிரீ-ஃபேடர் ஆக்ஸ் எத்தனை இருக்கிறது?

கடைக்குப் போகும் முன் மிக்ஸரின் முன் உட்கார்ந்து இதை எண்ணுங்கள். ஆக்ஸ் என்பது ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு கலவை அனுப்பும் வழி. ஃபேடர் என்பது ஒவ்வொரு மைக்கின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் தள்ளும் குமிழ். ஆக்ஸ் போஸ்ட்-ஃபேடராக இருந்தால், மைக்செட்டில் இருப்பவர் சபையாருக்காக ஒரு மைக்கைக் குறைக்கும்போது உங்கள் காதிலும் குறையும். பிரீ-ஃபேடராக இருந்தால் அந்த ஃபேடர் ஏறினாலும் இறங்கினாலும் உங்கள் காதில் மாற்றம் இருக்காது. நமக்குத் தேவை பிரீ மட்டும்தான். பழைய அனலாக் மிக்ஸர்களில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அருகில் "பிரீ" என்று ஒரு பொத்தான் இருக்கலாம். இரண்டே வழி இருந்தால் இரண்டு கலவை: ஒன்று வாசிக்கிறவர்களுக்கு, ஒன்று பாடுகிறவர்களுக்கு. அதுவே மானிட்டர் பெட்டியை விடப் பல மடங்கு மேல்.

டிஜிட்டல் மிக்ஸர் இருந்தால் வேலை எளிது. பெரிங்கர் எக்ஸ்ஆர்18-இல் 6 ஆக்ஸ் அவுட், சவுண்ட்கிராஃப்ட் யுஐ24ஆர்-இல் 8, பெரிங்கர் எக்ஸ்32-இல் 16 பஸ் (ஆக்ஸ் போலப் பயன்படும் கலவை வழிகள்). ஒருவருக்கு ஸ்டீரியோ கொடுக்க இரண்டு வழி போய்விடும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. பிரீ-ஃபேடரும் கெயின் குமிழுக்கு (மைக் சத்தம் மிக்ஸருக்குள் நுழையும் அளவைத் தீர்மானிப்பது) கட்டுப்பட்டதுதான். ஆராதனை நடுவில் மைக்செட்காரர் கெயினைத் தொட்டால் அத்தனை பேர் காதிலும் சத்தம் குதிக்கும். "சவுண்ட் செக் முடிந்தபின் கெயினைத் தொடாதீர்கள், ஃபேடரை மட்டும் தொடுங்கள்" என்பதை அவரிடம் அன்பாகவும் உறுதியாகவும் சொல்லிவையுங்கள். முடிந்தால் குமிழ் வரிசைக்கு மேல் டேப்பில் எழுதி ஒட்டுங்கள்.

3. கம்பியில் தொடங்குங்கள்

கீபோர்டு, பேட் (மின்னணுத் தாள வாத்தியம்), பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்கள் இடம் விட்டு நகர்வதில்லை. பாடகர் குழுவும் வரிசையில் நிற்கிறது. இவர்களுக்கு வயர்லெஸ் எதற்கு? இடுப்பில் மாட்டும் சிறு ஆம்ப்ளிஃபயர் போதும். பெரிங்கர் பி2 போன்றவை இரண்டு ட்ரிபிள்-ஏ பேட்டரியில் ஓடும். பி1 ரகம் அடாப்டரிலும் ஓடும் என்பதால் கீபோர்டுக்காரருக்குச் சௌகரியம். மிக்ஸரின் ஆக்ஸ் அவுட்டிலிருந்து எக்ஸ்எல்ஆர் கேபிள் (மைக்குக்குப் போடும் மூன்று முள் கேபிள்), அதன் முனையில் இந்தப் பெட்டி, அதில் இயர்போன். அவ்வளவுதான்.

இந்தப் பெட்டியில் மோனோ, ஸ்டீரியோ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஒரே ஆக்ஸ் கொடுத்திருந்தால் அது மோனோவில் இருக்க வேண்டும். ஸ்டீரியோவில் விட்டால் இரண்டு காதிலும் சத்தம் வரும், ஆனால் ஒரு பக்கம் தலைகீழாக வரும். எல்லாம் உள்ளே வெறுமையாக, தலையைச் சுற்றி மிதப்பது போல் இருக்கும். இது தெரியாமல் நாங்கள் மூன்று வாரம் கேபிளை மாற்றிக்கொண்டிருந்தோம்.

வயர்லெஸ் தேவைப்படுவது நடந்துகொண்டே பாடல் நடத்துபவருக்கு. அவர் ஒருவருக்கு மட்டும் வாங்குங்கள். விலை குறைந்த செட்டுகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுபவை. அதே அலைவரிசையில்தான் வைஃபையும் ப்ளூடூத்தும் இருக்கின்றன. ஆள் நிறைந்த கோயிலில் சோதிக்காமல் வாங்காதீர்கள். "ஒரு ஞாயிறு வைத்துப் பார்த்துவிட்டுத் தருகிறோம்" என்று கேளுங்கள், தரும் கடைகள் உண்டு. பழைய யுஹெச்எஃப் செட் யாராவது மலிவாகக் கொடுத்தால், பின்னால் அச்சிட்டிருக்கும் அலைவரிசையைப் பாருங்கள். 700 மெகாஹெர்ட்ஸ் பக்கம் என்றால் வேண்டாம். 2022 ஏலத்தில் அந்தப் பட்டை செல்போன் நிறுவனத்துக்குப் போய்விட்டது.

4. கொட்டேஷன், பில், கமிட்டி

பாடகர் குழுவில் இருப்பவர்கள் சலிப்போடு கடக்கும் பகுதி இது. ஆனால் எங்கள் காலம் அதிகமாக வீணானது இங்கேதான்.

எங்கள் சேகரக் கமிட்டி (சபை நிர்வாகக் குழு) மாதம் ஒருமுறைதான் கூடும். முதல் கூட்டத்தில் வாய்மொழியாகக் கேட்டோம், "எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். அடுத்த மாதம் எழுதிக் கொடுத்தோம், "மூன்று கொட்டேஷன் வேண்டும்" என்றார்கள். மூன்றாவது மாதம் கொட்டேஷன்களைக் கொடுத்தோம், அவற்றில் ஜிஎஸ்டி சேர்க்கப்படவில்லை என்று பொருளாளர் கண்டுபிடித்தார். அவர் செய்தது சரி. இந்தச் சாமான்களுக்கு 18 சதவீதம் வரி. நாற்பதாயிரத்துக்கு ஏழாயிரத்து இருநூறு கூடும். ஆகவே முதல் கூட்டத்துக்கே இவற்றைக் கொண்டு போங்கள்: ஒரு பக்கக் கடிதம், அதில் யார் யாருக்கு என்ன, ஏன், வரியோடு மொத்தத் தொகை எழுதிய மூன்று கொட்டேஷன், மூன்றிலும் ஒரே மாடல் எண். மாடல் எண் வேறு வேறாக இருந்தால் ஒப்பிட முடியாமல் திரும்பி வரும்.

பில்லைச் சபையின் பெயரிலேயே வாங்குங்கள். தாயின் நினைவாக ஒரு குடும்பம் இதைக் காணிக்கையாகக் கொடுக்க முன்வரலாம். அப்போதும் அவர்கள் பணத்தைச் சபையில் செலுத்தி ரசீது வாங்கிக்கொள்ளட்டும். பொருள் சபை பெயரில் வாங்கப்படட்டும். தணிக்கையிலும், பின்னால் வாரண்டிக்குப் போகும்போதும் இது உதவும். பில்லில் சீரியல் எண் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து நேராக வந்த சரக்கு சற்று மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதற்கு இந்திய வாரண்டி இருக்காது. இதைக் கடையில் நேரடியாகக் கேளுங்கள்.

வயர்லெஸ் வாங்கினால் இன்னொரு தாள் வேண்டும். உரிமம் தேவைப்படாத அலைவரிசையில் இயங்கும் கருவியாக இருந்தாலும், அந்த மாடலுக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தரும் இடிஏ என்ற ஒப்புதல் இருக்க வேண்டும். விற்பவரிடம் அதன் நகலைக் கேளுங்கள். யுஹெச்எஃப் ரகமானால் அந்த அலைவரிசையை எந்த அனுமதியில் பயன்படுத்தலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

5. எவ்வளவு ஆகும், எப்போது தொடங்க வேண்டும்

நான்கு பேருக்குக் கம்பி வழியில் எங்களுக்கு ஆனதை வரியோடு சொல்கிறேன். விலை மாறும், அளவு தெரிந்தால் போதும். இயர்போன் ஆளுக்கு 2,000 வீதம் 8,000. இடுப்புப் பெட்டி ஆளுக்கு 4,500 வீதம் 18,000. எக்ஸ்எல்ஆர் கேபிள்கள் 4,000. இயர்போன் நீட்டிப்பு வயர் 1,200. சபையார் சத்தம் பிடிக்க இரண்டு மைக் 8,000. ரவுட்டர் 2,000. ஆக 41,200 ரூபாய். மிக்ஸர் ஏற்கெனவே இருந்தது. கையில் அவ்வளவு பணம் இல்லையென்றால், கீபோர்டுக்காரருக்கும் பாடல் நடத்துபவருக்கும் மட்டும் தொடங்குங்கள். அவர்கள் இரண்டு பேர் சுருதியிலும் தாளத்திலும் நின்றால் மற்றவர்களும் நிற்பார்கள்.

கேபிளில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். சென்னைக்குப் போகும் யாரிடமாவது சொல்லி ரிச்சி தெருவில் நல்ல வயரும் கனெக்டரும் வாங்கி, தெரிந்தவரை வைத்து ஈயம் பற்றவைத்துக்கொண்டால் விலையும் குறையும், நீண்ட நாளும் உழைக்கும்.

கிறிஸ்துமஸுக்குத் தயாராக வேண்டுமென்றால் ஆகஸ்டில் கடிதம் கொடுங்கள். செப்டம்பரில் வாங்கலாம், அக்டோபர் முழுக்கப் பயிற்சியில் மட்டும் பயன்படுத்தலாம், நவம்பரில் ஞாயிறு ஆராதனைக்குக் கொண்டுவரலாம். டிசம்பரில் புதிதாக எதையும் மாற்றக் கூடாது. காரல் சர்வீஸுக்கு முந்தின நாள் புது இயர்போன் மாட்டிக்கொள்வது பெரிய தவறு.

6. சபையார் பாடுவது காதில் விழ வேண்டும்

மேடைக் கச்சேரிக்கு எழுதப்பட்ட வழிமுறைகளில் இது ஒரு வரியில் முடிந்துவிடும். கோயிலில் இதுதான் உயிர்.

சத்தம் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும். எங்கள் கோயிலில் கடைசி பெஞ்சில் இருப்பவருக்குக் கீபோர்டு சத்தம் 80 மில்லிசெகண்ட் தாமதமாகப் போகிறது. அவர் பாடுவது திரும்பி வர இன்னொரு 80. பாமாலைப் பாட்டைச் சபையார் இழுத்துப் பாடுவதாக நாம் குறைப்பட்டுக்கொள்வதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. இன்-இயர் இல்லாத காலத்தில் வாசிக்கிறவர் அந்த இழுப்பைக் கேட்டு, தன்னை அறியாமலே கொஞ்சம் காத்திருப்பார். காதை அடைத்துவிட்டால் அது கேட்காது. எங்கள் கீபோர்டுக்காரர் முதல் ஞாயிறு முன்னால் போய்க்கொண்டே இருந்தார். மூன்றாம் சரணத்தில் பாட்டி ஒருவர் புத்தகத்தை மூடிவிட்டார். அதைப் பார்த்தபோது எனக்கு மனம் கனத்துப்போனது. ஆராதனை சபையாருடையது. நமக்குத் தெளிவாகக் கேட்பதற்காக அவர்கள் பின்தங்கிவிடக் கூடாது.

ஆகவே பீடத்துக்கு முன் படியருகே, இரண்டு ஓரத்திலும், ஏழெட்டு அடி உயரத்தில் ஒவ்வொரு மைக்கைச் சபையாரைப் பார்த்து வையுங்கள். ஸ்பீக்கர்களுக்கு முன்னால் அல்ல, பின்னால். சிறு கண்டென்ஸர் மைக் நல்லது. வாங்க முடியாவிட்டால் சும்மா கிடக்கும் சாதாரண மைக்கிலேயே தொடங்குங்கள். மிக்ஸரில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலியை வெட்டிவிடுங்கள், மின்விசிறி இரைச்சல் குறையும். இந்த இரண்டு சானலும் வெளி ஸ்பீக்கருக்குப் போகவே கூடாது, போனால் ஊளையிடும். ஃபேடரைக் கீழே இறக்கி, மெயினுக்கான பொத்தானையும் எடுத்துவிடுங்கள். பிரீ-ஃபேடர் என்பதால் காதுக்கு வந்துகொண்டேயிருக்கும். மியூட் பொத்தானை அழுத்த வேண்டாம். பல மிக்ஸர்களில் அது காதுக்குப் போவதையும் சேர்த்து அறுத்துவிடும்.

அப்புறம், ஐயரவர்களின் (போதகரின்) மைக்கை எல்லோருடைய கலவையிலும் மெல்லிசாக வையுங்கள். அவர் "நாம் ஜெபிப்போமாக" என்று சொல்லிவிட்ட பிறகும் பேட் அடித்துக்கொண்டிருக்கும் சங்கடம் வராது.

7. காதுக்குப் பாதுகாப்பு

85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது தொழிலிடங்களுக்கு வகுத்த அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94-இல் ஒரு மணி நேரம், 100-இல் 15 நிமிடம். கன்வென்ஷன் மூன்று இரவும், பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையும் பாடுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

ஒரு காதைக் கழற்றிவிட்டுப் பாடுவது மிக வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து செய்யாதீர்கள். இரண்டு காதும் சேரும்போது குறைந்த சத்தமே போதுமானதாகத் தோன்றும். ஒன்றைக் கழற்றியதும் மற்றதைக் கூட்டுவோம், அந்தக் காது முழு அடியையும் வாங்கும். சபையார் சத்தம் கேட்பதற்காகக் கழற்றுகிறீர்கள் என்றால் ஆறாவது படிக்குத் திரும்பிப் போங்கள்.

டிஜிட்டல் மிக்ஸரில் ஒவ்வொரு ஆக்ஸுக்கும் லிமிட்டர் (சத்தம் ஒரு அளவைத் தாண்டாமல் தடுக்கும் வசதி) போடுங்கள். முறை இது: ஒவ்வொருவரும் இடுப்புப் பெட்டியைத் தனக்குச் சுகமான அளவில் வைத்து, இருப்பதிலேயே சத்தமான பாட்டைப் பாடுங்கள். அதன் உச்சத்தில் லிமிட்டர் விளக்கு லேசாகக் கண் சிமிட்டும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு குமிழ் நிற்கும் இடத்தைப் பெயிண்டால் குறித்துவிடுங்கள். யாராவது மைக்கைத் தவறவிட்டால் அந்த இடி காதுக்குள் முழுசாக இறங்காமல் இது தடுக்கும். எல்லாம் ஆன் ஆனபிறகு காதில் மாட்டுங்கள். கழற்றிய பிறகு ஆஃப் செய்யுங்கள். ஆராதனை முடிந்து வீட்டில் காதில் ரீங்காரம் கேட்டால் அடுத்த வாரம் குறைக்க வேண்டும். தொடர்ந்து கேட்டால் காது மருத்துவரைப் பாருங்கள்.

8. முதல் சனிக்கிழமை: கலவை அமைப்பது

இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், பாட்டுப் பயிற்சியோடு சேர்க்காதீர்கள். எல்லா ஆக்ஸையும் சுழியத்தில் வைத்துத் தொடங்குங்கள். முதலில் அவரவர் குரல் அல்லது வாத்தியம். இரண்டாவது, சுருதியும் தாளமும் தருபவை: கீபோர்டும் பேடும். மூன்றாவது, சபையார் மைக். அதோடு நிறுத்தி ஒரு பாட்டு முழுக்கப் பாடுங்கள். பெரும்பாலோருக்கு இதுவே போதும். ஒன்று கேட்கவில்லை என்றால் அதைக் கூட்டுவதற்கு முன், மறைப்பது எது என்று பார்த்து அதைக் குறைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே போனால் அரை மணியில் பழைய மானிட்டர் பெட்டியின் கூச்சல் காதுக்குள் வந்துவிடும்.

பாடுகிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. காதை அடைத்ததும் சொந்தக் குரல் எலும்பு வழியாகக் குடத்துக்குள் பேசுவது போல் கேட்கும். பயப்பட வேண்டாம். முனையைச் சற்று ஆழமாக விடுங்கள், அவர்கள் மைக்கில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டி, 250 பக்கம் கொஞ்சம் குறையுங்கள். மைக் சானலில் போலாரிட்டி பொத்தானை (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) ஒருமுறை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த நிலையில் குரல் திடமாகக் கேட்கிறதோ அதில் விடுங்கள். இதற்குக் காசு செலவில்லை, சிலருக்குப் பெரிய வித்தியாசம் தெரியும்.

போனில் அவரவர் கலவையை மாற்றிக்கொள்வது வசதிதான். மிக்ஸரோடு வரும் வைஃபையை நம்பாமல் தனி ரவுட்டர் வைத்து 5 கிகாஹெர்ட்ஸில் விடுங்கள். அதில் இன்டர்நெட் இல்லாததால் பல ஆண்ட்ராய்டு போன்கள் சொல்லாமலே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். ஆகவே ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையை மட்டும் ஆன் செய்யுங்கள். அடுத்தவர் ஆக்ஸைத் தவறித் தொடும் ஆபத்தும் உண்டு. தன் ஆக்ஸை மட்டும் திறக்கும்படி பூட்டும் வசதி உங்கள் ஆப்பில் இருந்தால் பயன்படுத்துங்கள். கடைசியில் மிக்ஸரின் அமைப்புகள் எல்லாவற்றையும் ஒரு சீனாக (திரும்ப எடுக்கக்கூடிய தொகுப்பாக)ச் சேமித்து, ஒரு பென்டிரைவிலும் எடுத்து வையுங்கள்.

9. கரண்டும் பேட்டரியும்

கரண்ட் போனால் டிஜிட்டல் மிக்ஸர் அணைந்து மறுபடி எழ நேரமாகும். அதுவரை எல்லோர் காதும் மௌனம். மிக்ஸருக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு யுபிஎஸ் வையுங்கள், ஜெனரேட்டர் மாறும் இடைவெளியை அது தாங்கினால் போதும். பழைய மானிட்டர் பெட்டி ஒன்றை எடுத்துவிடாமல், அணைத்தபடியே ஓரத்தில் இணைத்து வைத்திருங்கள்.

பேட்டரிகளை ரீசார்ஜ் ரகமாக இரண்டு செட் வாங்கி, சிவப்பு டேப், பச்சை டேப் ஒட்டுங்கள். ஒரு ஞாயிறு சிவப்பு, மறு ஞாயிறு பச்சை. இயர்போனை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளக் கூடாது. ஆளுக்கொரு சிறு டப்பா, மேலே பெயர், உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். முடிந்ததும் முனையைக் கழற்றித் துடைத்து வைக்கச் சொல்லுங்கள். பொது டப்பா ஒன்றில் கூடுதலாக ஒரு இயர்போன், ஒரு நீட்டிப்பு வயர், எல்லா அளவு முனைகளும், பேட்டரி நான்கு, பில் நகல், சீரியல் எண் பட்டியல். அதன் சாவி கோயில்குட்டியாரிடம் (கோயில் பணியாளரிடம்) ஒன்று, பாடகர் குழுத் தலைவரிடம் ஒன்று.